பின்னால் வருபவருக்கான விளக்கு

ரொறன்ரோவிலும் அதனைச் சூழவுள்ள நகரங்களிலும் வாழும் எம்மவருட் பலர் இந்நாட்டில் முதன்முதலாக வாங்கிய பெரும்பொருள் ஒரு பாவித்த காராகும். வீடு அதன் பின்னரே வந்தது. தொழிற்சாலையின் இரவு வேலைக்கும், அதிகாலையிற் பத்திரிகை போடுவதற்கும், உணவகத்தின் சமையலறையிலிருந்து நள்ளிரவில் வீடு திரும்புவதற்கும் அக்காரே துணை நின்றது. புதிதாக வந்து சேருவோருக்கும், முதல் வேலைக்குச் செல்லும் எமது பிள்ளைகளுக்கும் இன்றும் நிலைமை அதுவே. அக்கார் பெரும்பாலும் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து, தெரிந்த இன்னொருவரின் சொல்லை நம்பி வாங்கப்படுகிறது. இயந்திரம் நன்றாக ஓடுகிறதா, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, அடிப்பாகம் கறள் பிடித்துள்ளதா என்றெல்லாம் கேட்கிறோம். பின்விளக்குகள் யாவும் எரிகின்றனவா என்று கேட்போர் மிகச் சிலரே.

இது ஒரு சிறு விடயம் என்றே பலரும் கருதுகின்றனர். ஒரு குமிழை மாற்றினால் முடிந்துவிடும் என்கின்றனர். அக்கருத்துடன் எமக்கு உடன்பாடில்லை. காரின் ஏனைய பழுதுகள் ஓட்டுபவரை வருத்துவன. ஆதலால் அவர் அவற்றை உடனே கவனிக்கிறார். வெளிவிளக்குகளின் பழுதோ ஓட்டுபவருக்குத் தெரிவதேயில்லை. அதனால் ஆபத்துக்குள்ளாபவர் பின்னால் வருபவரும், வீதியைக் கடப்பவரும், காரின் பின்னாசனத்தில் உறங்கும் பிள்ளைகளுமே. இன்னொன்றும் உண்டு. இப்பழுதுகளின் காரணத்தைத் தேடாமல், வயரை முறுக்கிக் கறுப்பு ரேப்பைச் சுற்றி ஒப்பேற்றிவிடும் பழக்கம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த ஒட்டு, கார் கைமாறும்போது காருடன் சேர்ந்தே கைமாறுகிறது. விற்றவருக்குத் தெரிந்த ஒரு குறை வாங்கியவருக்குத் தெரியாத ஆபத்தாக மாறுகிறது. இப்பழக்கம் ஒழிய வேண்டும் என்பதே எமது கருத்து.

முன்னால் ஒளி, பின்னால் இருள்

கனடாவில் 1989 டிசம்பர் 1ஆம் திகதிக்குப் பின்னர் தயாரிக்கப்பட்ட புதிய கார்கள் அனைத்திலும், பகலிலும் முன்புறம் ஒளிரும் விளக்குகள் கட்டாயமாக்கப்பட்டன. எதிரே வருபவர் காரைத் தொலைவிலேயே காண்பதற்கு இவ்வேற்பாடு பெரிதும் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனால் ஒரு மயக்கமும் உண்டானது. மாலை மங்கும் வேளையில் ஓட்டுநர் தம்முன்னே வீதியில் ஒளி விழுவதைக் காண்கிறார். டாஷ்போர்ட்டும் ஒளிர்கிறது. விளக்குகள் யாவும் எரிகின்றன என்று எண்ணிக்கொண்டு அவர் நெடுஞ்சாலையில் ஏறுகிறார். ஆனால் பகல்விளக்கு மாத்திரம் எரியும்போது பல கார்களிற் பின்புறம் முற்றாக இருண்டே கிடக்கும்.

இக்குறையை நீக்குவதற்காக 2021 செப்ரெம்பரிலிருந்து புதிய வாகனங்களுக்கு மத்திய அரசு புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. பகல்விளக்கு எரியும்போது பின்விளக்கும் எரிதல், இருளில் விளக்குகள் யாவும் தாமாகவே எரிதல், ஓட்டுநர் விளக்கைப் போடவேண்டும் என்பதை உணர்த்த டாஷ்போர்ட் இருண்டிருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. நன்றே. ஆனால் நாம் வாங்குவது பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார். அதற்கு அவ்விதி பொருந்தாது. ஆகவே பழைய காரின் பின்விளக்கு எரிகிறதா என்பதைப் பார்க்கும் கடமை முழுவதும் ஓட்டுபவரின் தலையிலேயே இருக்கிறது.

டிசம்பர் மாதத்தில் ரொறன்ரோவில் மாலை 4.40 மணியளவிற் சூரியன் மறைந்துவிடுகிறது. மறுநாட் காலை 7.45 மணியளவிலேயே மீண்டும் உதிக்கிறது. அதாவது வேலைக்குப் போகும் பயணமும் இருளில், திரும்பி வரும் பயணமும் இருளில். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஒரு கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கிறது. முன்னாற் செல்பவரின் பிறேக் விளக்கு எரியாததால் பின்னால் வருபவர் அரைச் செக்கன் தாமதித்துக் காலை வைத்தாலும், அதற்குள் 14 மீற்றர் போய்விடும். அது ஏறக்குறைய மூன்று கார்களின் நீளம். பனிமழையில் 401ஆம் நெடுஞ்சாலையில் ஓடியவர்களுக்கு அந்த 14 மீற்றரின் பெறுமதியை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து, உதித்த பின் அரைமணி நேரம் வரையும், 150 மீற்றருக்கு அப்பால் உள்ளவை தெளிவாகத் தெரியாத வேளைகளிலும் முன்விளக்குகளும் பின்னுள்ள சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். இலக்கத் தகட்டுக்கு மேலுள்ள சிறு விளக்குக்கூட இதில் அடங்கும். இவற்றில் ஒன்று எரியாவிட்டால், பொலிசார் காரை நிறுத்துவதற்கு அதுவே போதிய காரணமாகும். குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவருக்கு அது பத்து நிமிடத் தொல்லை. அகதிக் கோரிக்கை இன்னும் தீர்க்கப்படாத நிலையில், மொழியும் சரிவர வராமல், இரவு வேலை முடிந்து வரும் ஓர் இளைஞனுக்கு அது என்னவென்று அந்நிலையில் இருந்தவர்கள் அறிவார்கள். சில டொலர் பெறுமதியான ஒரு குமிழ் அவனை அந்நிலைக்கு ஆளாக்கக் கூடாது.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

"கார் சேர்ட்டிபை பண்ணியது, பயப்பட வேண்டாம்" என்ற சொல் எம்மிடையே அடிக்கடி கேட்கப்படுவது. பாவித்த காரொன்றை ஒன்ராறியோவில் வாங்கி, இலக்கத் தகடு பூட்டி ஓடுவதற்குப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் பொதுவாகத் தேவை. அச்சான்றிதழ் 36 நாட்களுக்குச் செல்லும். பரிசோதனை நடந்த நாளன்று கார் குறைந்தபட்சத் தரத்தை எட்டியிருந்தது என்பதற்கு மேல் அது எதனையும் உறுதிப்படுத்துவதில்லை. அது உத்தரவாதப் பத்திரம் அன்று.

பரிசோதனை நாளில் முறுக்கிக் கட்டிய வயரும் விளக்கை எரிய வைக்கும். மூன்று வாரங்களுக்குப் பின்னர், முதல் உப்புத் தண்ணீர் அதில் ஏறியதும், அது கைவிடும். அதன் பின்னர் அக்காரைச் சட்டப்படி யாரும் பரிசோதிக்கப் போவதில்லை. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகின்றன. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அத்துடன் 1956ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஒக்ரோபர் மாதத்திலும் கராஜ்களில் விளக்குகளை இலவசமாகப் பார்த்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்து வருகிறது. ஒன்ராறியோவிலோ தனியாருக்குச் சொந்தமான கார், கைமாறாத வரை, பல ஆண்டுகள் பரிசோதனையின்றியே ஓடலாம். எனவே அந்த ஒக்ரோபர் மாதத்தை நாமே எமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். பனிக்கால ரயர் மாற்றும் நாளில் விளக்குகளையும் ஒருமுறை பார்ப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் வழக்கப்படுத்திக்கொண்டால் அதுவே போதும்.

பழுது எங்கே பிறக்கிறது?

காரின் மின்சாரம் மிக எளிமையானது. பற்றறியின் நேர் முனையிலிருந்து புறப்பட்டு, பியூஸ், ஆளி, வயர் ஆகியவற்றினூடாகக் குமிழை அடைந்து, அங்கிருந்து காரின் இரும்புடல் வழியாகப் பற்றறியின் மறை முனைக்குத் திரும்புகிறது. போகும் வழியைப் பற்றி எல்லோரும் சிந்திக்கின்றனர். திரும்பி வரும் வழியை, அதாவது எர்த் எனப்படுவதை, மறந்துவிடுகின்றனர். பழைய கார்களின் விளக்குப் பழுதுகளிற் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. எர்த் வயரின் நுனி காரின் உடலோடு ஒரு திருகாணியினாற் பூட்டப்பட்டிருக்கும். பனிக்காலம் முழுவதும் வீதியிற் கொட்டப்படும் உப்பு அத்திருகாணியை அரித்துக் கறளாக்கிவிடுகிறது. வயரும் நல்லது, குமிழும் நல்லது; ஆனால் மின்சாரம் வீடு திரும்ப வழியில்லை.

இவ்வாறு எர்த் கெட்ட காரிற் சில விசித்திரங்கள் தோன்றும். பிறேக்கை மிதித்தால் அப்பக்கத்துப் பின்விளக்கு பிரகாசமாவதற்குப் பதிலாக மங்கும். சிக்னல் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மெல்லத் துடிக்கும். வயலின் வடிகால் அடைபட்டால் நீர் வரம்பை மேவி அயல் வயலுக்குள் இறங்குவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். தன் வழி அடைபட்ட மின்சாரம், ஒரே குமிழினுள் இருக்கும் மற்ற இழையினூடாக ஏறி, வேறு விளக்குகளின் வழியாக வெளியேற முனைகிறது. இதனைப் பேய்க்குணம் என்று கூறி காரையே விற்றுவிட்டவர்களும் உண்டு. உண்மையில் ஒரு திருகாணியைக் கழற்றி, உரைதாளினாற் பளபளக்கத் தேய்த்து, இறுகப் பூட்டி, சிறிது கிறீஸ் பூசினால் முடியக்கூடிய வேலை அது.

இரண்டாவது இடம், பின்கதவு. குடும்பமாகச் செல்பவர்கள் விரும்பி வாங்கும் வான்களிலும் பின்கதவு மேலெழும் கார்களிலும், கதவுக்குச் செல்லும் வயர்கள் கீலின் அருகே ஒரு றப்பர் உறையினுள் மடிந்து மடிந்து நிமிர்கின்றன. பல ஆயிரம் தடவை கதவு திறந்து மூடியபின், குளிரில் இறுகிய வயர்கள் அவ்வுறையினுள்ளே ஒவ்வொன்றாக முறிகின்றன. மேலே உள்ள மூன்றாவது பிறேக் விளக்கு, இலக்கத் தகட்டு விளக்கு, பின்கண்ணாடித் துடைப்பான் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனால், அல்லது கதவைத் திறந்தால் எரிந்து மூடினால் அணைந்தால், முதலில் அந்த றப்பர் உறையை இழுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிறர் கை வைத்த இடங்கள். றிமோட் ஸ்ராட்டர், திருட்டு எச்சரிக்கைக் கருவி, இழுவை வண்டிக்கான இணைப்பு முதலியவற்றைப் பின்னாளில் மலிவாகப் பூட்டியவர்கள், கார்க் கம்பனி இட்ட வயரைக் கீறியோ, கடித்துப் பிடிக்கும் பிளாஸ்ரிக் இணைப்பிகளைப் போட்டோ மின்சாரம் எடுத்திருப்பர். அவ்விணைப்பிகள் நீர் புகாதவை அல்ல. இழுவை வண்டியையே காணாத காரிலும் பின்விளக்கின் அருகே முடிச்சுகள் பல தொங்குமாயின் அங்கே சந்தேகம் கொள்வது நன்று.

நான்காவது, வெள்ளத்தில் மூழ்கிய கார்கள். 2013 யூலை 8ஆம் திகதியும் 2024 யூலை 16ஆம் திகதியும் பெய்த பெருமழையில் ரொறன்ரோவின் டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையிற் கார்கள் நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. நீரில் ஊறிய கார் உலர்ந்த பின்னர் அழகாகவே இருக்கும். ஆனால் வயர் இணைப்புகளினுள்ளே பச்சை நிறத்திற் பூத்து நிற்கும் செம்புக் களிம்பு, மாதங்கள் சென்ற பின்னரே தன் வேலையைக் காட்டும். டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, மேலதிக ரயர் வைக்கும் குழியிற் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாராமல் காசை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

ஒழுங்காகத் தேடுதல்

விளக்குப் பழுதைக் கண்டுபிடிப்பதற்கு மேதாவிலாசம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. எம்மவர் செய்யும் பெருந்தவறு, ஊகத்தின் பேரிற் சாமான்களை மாற்றிக்கொண்டே போவது. குமிழ், பின்னர் றிலே, பின்னர் ஆளி என்று இருநூறு டொலரைச் செலவழித்த பின்னரும் பழுது அங்கேயே இருக்கும்.

முதலில், ஒருவரைக் காருக்கு வெளியே நிறுத்தி, எல்லா விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முன்விளக்கின் இரு நிலைகள், பின்விளக்கு, பிறேக் விளக்கு மூன்று, நான்கு பக்கச் சிக்னல்கள், பின்செல்லும் வெள்ளை விளக்கு, இலக்கத் தகட்டு விளக்கு என்பன அவை. ஆள் இல்லாவிட்டால், இரவிற் சுவர் ஒன்றுக்குப் பின்புறத்தைக் காட்டி நிறுத்தினால், சிவப்பு ஒளி சுவரில் விழுவதைக் கண்ணாடியிற் பார்க்கலாம்.

எழுதிய தாளே பாதிப் பழுதைச் சொல்லிவிடும். ஒரு விளக்கு மாத்திரம் எரியாவிட்டால், பழுது பெரும்பாலும் அக்குமிழிலோ அதன் ஹோல்டரிலோ அதன் எர்த்திலோ உள்ளது. ஒரே பக்கத்தின் எல்லா விளக்குகளும் கெட்டால், அப்பக்கத்துப் பொது எர்த்தைப் பார்க்க வேண்டும். மூன்று பிறேக் விளக்குகளும் ஒருங்கே எரியாவிட்டால், மூன்று குமிழ்களும் ஒரே நாளிற் சாகவில்லை. பியூசையும், பிறேக் மிதியின் மேலுள்ள சிறு ஆளியையும் பார்க்க வேண்டும். அந்த ஆளி கெட்டால், பல கார்களில் கியரைத் தரிப்பு நிலையிலிருந்து எடுக்கவும் இயலாது. மேலுள்ள மூன்றாவது விளக்கு எரிந்து கீழுள்ள இரண்டும் எரியாவிட்டால், பிறேக் ஆளி நன்றாகவே உள்ளது. வட அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட பல கார்களிற் பிறேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே குமிழ் பயன்படுவதால், ஸ்ரியறிங்கின் அருகேயுள்ள சிக்னல் ஆளியிற் பழுது இருக்கலாம். சிக்னல் ஒரு பக்கம் மாத்திரம் மிக விரைவாக அடித்தால், அப்பக்கத்துக் குமிழ் ஒன்று போய்விட்டது என்பதைக் கார் தானாகவே அறிவிக்கிறது எனலாம்.

அடுத்து, குமிழைக் கழற்றிப் பார்த்தல். பல பின்குமிழ்களில் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று மங்கலாகவும் மற்றது பிரகாசமாகவும் எரிவது. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். ஆதலால் "குமிழ் நல்லது, எரிகிறதே" என்ற முடிவு தவறாகலாம். ஹோல்டரின் உள்ளே வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சு பூத்திருக்கிறதா, பிளாஸ்ரிக் உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருகிய ஹோல்டரிற் புதுக்குமிழைப் போடுவது காசை எறிவதற்கு ஒப்பாகும். முன்விளக்கின் ஹலஜன் குமிழைக் கையாலே தொடக் கூடாது; விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் அதன் ஆயுளைக் குறைத்துவிடும். இரு பக்கக் குமிழ்களும் ஒரே வயதினவாயின், ஒன்று போனால் மற்றதும் விரைவிற் போகும். இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே புத்தி.

குமிழும் நல்லது, ஆயினும் எரியவில்லையா? அப்போது மலிவான ஒரு மீற்றர் வேண்டும். விளக்கைப் போட்டுவிட்டு, குமிழுக்கு வரும் வயரில் எத்தனை வோல்ற் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இயந்திரம் நின்றிருக்கும்போது நல்ல பற்றறியில் ஏறத்தாழ 12.6 வோல்ற் இருக்கும். வயரில் அதற்கு அண்மித்த அளவு இருந்தால், வரும் வழி நல்லது. எர்த்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால், ஊற்றை நோக்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்: இணைப்பி, ஆளி, பியூஸ் என்று, மின்சாரம் கிடைக்கும் இடம் வரும் வரை. கிடைக்கும் இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் இடையிலேதான் பழுது இருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். குமிழைக் கழற்றிவிட்டு அளக்கும்போது 12 வோல்ற் காட்டும் வயர், குமிழைப் பூட்டியதும் கைவிடுவதுண்டு. பல இழைகளுள் ஒரே இழை மிஞ்சிய வயரும் மீற்றருக்கு 12 வோல்ற் காட்டும்; ஆனால் பிறேக் குமிழுக்கு வேண்டிய ஏறத்தாழ 2 அம்பியரை அதனாற் சுமக்க இயலாது. ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். அந்நிலையிற் குமிழின் எர்த் முனைக்கும் பற்றறியின் மறை முனைக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேற்படாமல் இருப்பது நன்று. அரை வோல்ற்றைத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது. இவ்விழப்பைச் சிறிதென எண்ணலாகாது. ஹலஜன் குமிழுக்குச் செல்லும் வோல்ற்றளவு பத்து வீதம் குறைந்தால், அதன் ஒளி ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடும். "வயது போகப் போக இரவிற் கண் தெரியவில்லை" என்று கூறுவோர், கண் வைத்தியரிடம் செல்லும் அதேவேளை, காரின் எர்த் வயரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

செய்யக் கூடாதவை

பியூஸ் எரிந்தால் அதைவிடப் பெரிய பியூசைப் போடுவது மிகப் பெரிய குற்றம் என்போம். சிவப்பு நிறப் பியூஸ் 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நிறங்கள் அலங்காரத்துக்கு இடப்பட்டவை அல்ல. பியூஸ் எரிகிறது என்றால், எங்கோ வயர் உராய்ந்து காரின் உடலைத் தொடுகிறது என்பது பொருள். அங்கே பச்சைப் பியூசைப் போட்டால், எரிய வேண்டிய பியூஸ் எரியாமல் வயர் எரியும். அந்த வயர் செல்வது கம்பளத்தின் கீழே, பிள்ளைகளின் ஆசனத்துக்கு அடியிலே.

வயரை முறுக்கி ரேப் சுற்றுவதும் அத்தகையதே. உப்புத் தண்ணீர் ரேப்பின் கீழே நுழைந்து, வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, செம்பை அரிக்கிறது. வயரைச் சேர்க்க வேண்டுமாயின் முறையாக நெரித்து இணைத்து அல்லது பற்றாசு வைத்து, சூட்டிற் சுருங்கும் ஒட்டுறையால் மூட வேண்டும். சோதிப்பதற்காக வயரை ஊசியாற் குத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியது. அத்துளையே நாளைய பழுதின் வாயிலாகும். ஹலஜனுக்கெனச் செய்யப்பட்ட முன்விளக்கில் மலிவான எல்.ஈ.டி. குமிழைச் செருகுவோர், தமக்கு ஒளி கூடியது என மகிழ்கின்றனர். அவ்வொளி வீதியில் விழ வேண்டிய இடத்தில் விழாமல், எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது.

புதிய வகைக் கார்களில் விளக்குகளைக் கட்டுப்படுத்துவது ஒரு கணினியே. வயரிற் பழுது கண்டால் அக்கணினி அவ்வழியை மூடிவிடும். பியூஸ் நன்றாக இருக்கும், வோல்ற் இராது. அத்தகைய கார்களிற் பழுதைக் கணினியிடமே கேட்டறியும் கருவியுடையவரிடம் செல்வதே முறை. தெரியாத இடத்திற் கை வைக்காதிருப்பதும் அறிவின் பாற்பட்டதே.

கராஜ்காரருக்கும் ஒரு நீதி

எமது கராஜ்காரர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர்களை ஒட்டுப் போட வைப்பவர்கள் யார்? வயரின் பழுதைத் தேடுவதற்கு ஒரு மணி நேரம் செல்லலாம். திருத்துவதற்குப் பத்து நிமிடம் போதும். "பத்து நிமிட வேலைக்கு நூறு டொலரா?" என்று நாம் கேட்கிறோம். தேடிய நேரத்துக்குக் கூலி கிடையாது என்று தெரிந்த பின், எந்தத் தொழிலாளி தேடுவார்? பற்றறியிலிருந்து புதிதாக ஒரு வயரை இழுத்து விளக்கை எரிய வைத்து அனுப்பிவிடுகிறார். நாமும் "கெட்டிக்காரன், இருபது டொலருடன் முடித்துவிட்டான்" என்று புகழ்கிறோம். கண்டறிதலும் ஒரு தொழிலே. அதற்குரிய கூலியைக் கொடுக்கவும், "என்ன பழுது, எங்கே இருந்தது?" என்று கேட்டு அறியவும் நாம் பழக வேண்டும். அக்கேள்விக்கு விடை கூற இயலாதவர் பழுதைக் கண்டுபிடிக்கவில்லை என்பது தெளிவு.

விற்பவர் கடமை

வாங்குபவருக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. தனியாராக விற்பவர், பாவித்த வாகனத் தகவற் பொதியை வாங்குபவரிடம் கையளிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. காரின் முன்னைய உரிமையாளர்களும், அதன் மீதுள்ள கடனும், அது விபத்திற் சேதமுற்றுத் திருத்தப்பட்டதென முத்திரை குத்தப்பட்டதா என்பதும் அதில் உள்ளன. வியாபாரமாக விற்பவர் ஒம்விக் என அழைக்கப்படும் சபையிற் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றி, தம் சொந்தக் கார் என்று கூறி மாதம் நான்கு கார் விற்பவர்கள் எமது சமூகத்திலும் இல்லாமலில்லை. இவற்றை அறிந்து கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை.

ஆனால் எந்தப் பொதியிலும் முறுக்கிய வயர் பதியப்பட்டிருக்காது. அதை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. எமது சமூகத்தில் கார் விற்பனை பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில் நடைபெறுகிறது. "அண்ணை சொன்னால் சரி" என்று கூறி, வாங்குபவர் டிக்கியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்து பார்த்தால் அவமரியாதை என்று எண்ணுகிறார். அந்த நம்பிக்கையே விற்பவரின் பொறுப்பை இருமடங்காக்குகிறது. "பின்பக்கத்து வலது விளக்கு சில வேளை எரியாது, எர்த்தாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளும்" என்ற ஒரு வாக்கியம் விலையில் ஐம்பது டொலரைக் குறைக்கலாம். அதை மறைத்துப் பெற்ற ஐம்பது டொலருக்கு, பனி கொட்டும் ஓர் இரவில், அறியாத ஒருவர் விலை கொடுக்க நேரிடலாம். அவ்வாறே, வாங்குபவர் பத்து நிமிடம் விளக்குகளைப் போட்டுப் பார்ப்பதை விற்பவர் அவமதிப்பாகக் கொள்ளவும் கூடாது. உறவு கெடும் என்று அஞ்சிக் கேளாமல் விட்ட கேள்விகளே பின்னர் உறவுகளைக் கெடுத்திருக்கின்றன.

காரின் விளக்குகளில் முன்விளக்கு மாத்திரமே ஓட்டுபவருக்கு வழி காட்டுவது. சிக்னலும், பிறேக் விளக்கும், பின்விளக்கும் பிறருக்காக எரிபவை. நாம் திரும்பப் போகிறோம், நிற்கப் போகிறோம், இங்கே இருக்கிறோம் என்று, முகமறியாத மனிதருக்கு நாம் சொல்லும் சொற்கள் அவை. எம்மை ஏற்றுக்கொண்ட இந்நாட்டின் வீதிகளில், எமக்குப் பின்னால் வருபவர் எவராயினும், அவர் பத்திரமாக வீடு சேர்வதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. இவ்வார இறுதியிற் பிள்ளைகளுள் ஒருவரைக் காரின் பின்னே நிறுத்தி, பிறேக்கை மிதித்து, எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று என்ற விடை வராவிட்டால், திங்கட்கிழமை வேலைக்குப் புறப்படுமுன் அதன் காரணத்தைக் கண்டறியுங்கள்.